பதினேழு பி-யின் கோழி

இரவு எட்டு முதல் காலை எட்டு வரை
மோன் கியாராவில் ஓர் அடுக்ககத்தின் வாசலில்
நான் காப்பது
முந்நூற்று இருபது வீடுகளை,
நாற்பது கேமராக்களை,
என் மேசையில் வந்து குவியும்
சாப்பாட்டுப் பொட்டலங்களை.

ரைடர் உள்ளே போகக்கூடாது, அது விதி.
பையை வைப்பான், படமெடுப்பான், பறப்பான்.
வீட்டுக்காரர் இறங்கி வரும்வரை
நாசி லெமாக்கின் இலை வாசமும்
சாத்தேயின் கரிப்புகையும்
என் மூக்கின் பொறுப்பு.

என் சாப்பாடு நீல டப்பாவில் இருக்கிறது.
கோப்பையால் அளந்த சோறு,
அவித்த முட்டை இரண்டு,
சௌகிட் சந்தையில் கடை கட்டும் நேரம்
இரண்டு வெள்ளிக்கு மூன்று கட்டென்று
பேசி வாங்கிய கங்கோங்,
எண்ணெய் தொட்டு வாட்டிய தெம்பே.
மூன்று வெள்ளி இருபது காசு.
அதைத் தாண்டினால்
மாதக் கடைசியில் பஸ்ஸுக்குக் காசிருக்காது.

செந்தூல் கிளினிக்கில்
ஒரு வெள்ளி கொடுத்து நான் வாங்கி வந்த எண்
பதினொன்று புள்ளி நான்கு.
சோற்றைக் குறைங்க, நடங்க, சீனி வேண்டாம்
என்றார் டாக்டர் ஃபரிடா.
அவர் பின்னால் சுவரொட்டியில்
பாதாம், ஆலிவ் எண்ணெய், ஏதோ ஒரு சிவப்பு மீன்.
விலை போடவில்லை.

அன்றிலிருந்து மாமாக் கடையில்
எனக்கு தே ஓ கோசோங்.
பால் இல்லை, சீனி இல்லை, வெறும்.
"கோசோங் ஒண்ணு!" என்று
உள்ளே பார்த்து அவன் கத்தும்போது
என்னைத்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான்
என்று தோன்றும்.

ஆசை பதினொன்றரைக்கு வரும்.
முதலில் நாக்கடியில் நீர்.
பிறகு உட்கார்ந்து வக்கீல்போல் பேசும்.
இன்று மட்டும் என்று
அது சொல்லாத நாள் கிடையாது.
தண்ணீர் குடிப்பேன்.
உள்ளே வரும் கார்களின் எண்களைக் கூட்டுவேன்.
இருபது நிமிடம் தாக்குப்பிடித்தால்
அதற்கே அலுத்துவிடும்.
சில நாள் நாற்பது.

வேலியே பயிரை மேயும் என்பார்கள்.
பயிர் பொரித்து, சூடாக,
பெட்டியில் வந்து வேலிமேலேயே உட்கார்ந்தால்
என்ன செய்யுமென்று யாரும் சொல்லவில்லை.

நேற்று ஒன்றே முக்காலுக்கு இன்டர்காம்.
பதினேழு பி.
தூக்கத்தில் பாதியாய் ஒரு பெண் குரல்:
"அங்கிள், அந்தக் கோழி வேண்டாம்,
நீங்களே சாப்பிட்டுடுங்க."

எனக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவே
திருட்டு என்று ஒரு சொல் நின்றிருந்தது.
ஒரு பொத்தானை அழுத்தி
அவள் அதை எடுத்துவிட்டாள்.
ஏழு மாதமாய்க் கட்டுப்பாடு என்று
நான் நினைத்துக்கொண்டிருந்தது
வேலை போய்விடும் என்ற பயம்தானா?

தில் பகதூர் ரோந்து முடித்து வர
இன்னும் பன்னிரண்டு நிமிடம்.

மூன்று துண்டு இருந்தது.
ஒன்றின் தோலை உரித்து ஓரமாக வைத்தேன்.
கறியை மெதுவாகத் தின்றேன்,
டாக்டர் எதிரில் தின்பவனைப்போல.
பிறகு தோலையும் தின்றேன்.
பொய் சொல்ல இது கிளினிக் இல்லை.

மூடியை அழுத்தினேன். டக்.
இந்த வருடம் நான் செய்ததில்
அந்தச் சத்தம்தான் பெரிய காரியம்.

மீதி இரண்டையும் தில் பகதூர்
நின்றபடியே தின்றான், எலும்புவரை.
இருபத்து நாலு வயது.
பருப்பும் சோறும் தின்று
பணத்தை ஊருக்கு அனுப்புகிறவன்.
கோலா அவனுக்கும் வேண்டாமாம்.
விடியும்வரை அது மேசையிலேயே இருந்தது.
எறும்புகள் ஏறின.
எறும்புக்கு இந்த வியாதி வருமோ என்று
பார்த்துக்கொண்டிருந்தேன்.

விரலைக் குத்திப் பார்க்கும் தாள்
ஒன்று ஒன்றரை வெள்ளி.
வாரத்துக்கு ஒன்றுதான் கட்டுப்படியாகும்,
அதுவும் வெள்ளிக்கிழமை.
நேற்று செவ்வாய்.

என் முறை இல்லாவிட்டாலும் டார்ச்சை எடுத்துக்கொண்டு
கார் நிறுத்தும் நிலவறையை நான்கு சுற்று நடந்தேன்.
திரும்பி வந்து பதிவேட்டில் எழுதினேன்:
மூன்று நாற்பது. கீழ்த்தளம்.
சந்தேகப்படும்படி யாரும் இல்லை.

எழுதிய பிறகு
பேனாவை மூடாமல்
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.